மாத்திரைக்கு எதற்குச் சாயம்?

கேள்வி, 2025 பிப்ரவரி 9

அம்மாவுக்கு ஏழெட்டு வருடமாக ஒரே பிரஷர் மாத்திரைதான். போன மாதம் வரை இளஞ்சிவப்பு. இந்த மாதம் வாங்கிய அட்டையில் மஞ்சள். கம்பெனிதான் வேறு, மருந்து அதேதான் என்றார் கடைக்காரர். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘கலர்: டார்ட்ரசின்’ என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் கேசரிப் பவுடர் டப்பாவிலும் அதே பெயர்! உடம்பு சரியில்லாதவருக்குத் தரும் மருந்தில் கேசரிப் பவுடர் எதற்கு? இதற்கெல்லாம் கணக்கு வழக்கு உண்டா, இல்லை ஆளாளுக்குக் கலக்கிக்கொள்ளலாமா? பேசாமல் வெள்ளை மாத்திரையாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

பிப்ரவரி 9, இரவு

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளையும் சாயம்தான். பளபளவென்று மேல்பூச்சு போட்ட வெள்ளை மாத்திரை எதையாவது எடுத்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘கலர்: டைட்டானியம் டை ஆக்சைடு’ என்று இருக்கும். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் வெண்மை தருவதும் அதே பொருள்தான். விரலில் மாவு ஒட்டுகிற, பூச்சில்லாத மாத்திரைகள் இருக்கின்றனவே, அவற்றில்தான் பெரும்பாலும் சாயம் இருக்காது.

ஆறு வருடம் ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனியில் கோட்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். அப்புறம் இருபத்திரண்டு வருடமாகச் சொந்த மெடிக்கல் ஷாப். அந்தச் சாயத்தில் கை, சட்டை, மூக்குச் சளி வரை நிறம் மாறியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

பிப்ரவரி 10, காலை

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. சாயத்தைப் பற்றியே பேசிவிட்டு, முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். பழைய இளஞ்சிவப்பு மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறதா? அம்மா இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. கடை ஆரம்பித்த நான்காம் வருடம், வாடிக்கையாக வரும் ஒரு பாட்டிக்கு இதே மாதிரி வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தேன். சீட்டில் இருந்த மருந்துதான், அதே மில்லிகிராம். நிறம்தான் வேறு. அதை வாய் திறந்து சொல்லவில்லை, கடையில் கூட்டம். பாட்டிக்கு எழுத்து தெரியாது, “காலையில ரோசு, ராத்திரி வெள்ளை” என்பதுதான் அவர் கணக்கு. புதிதாக வந்த மஞ்சளை டாக்டர் கூடுதலாக எழுதியது என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த ரோசையும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். நாலாம் நாள் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தார். முழங்கை எலும்பில் விரிசல். மகன் கடைக்கு வந்து சத்தம் போட்டார். போட வேண்டியதுதான்.

பிப்ரவரி 10, மாலை

பதினொரு ரோசு மாத்திரை டப்பாவில் இருந்தது, எடுத்து ஒளித்துவிட்டேன் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது. இனி சட்டத்துக்கு வருவோம்.

ஆளாளுக்குக் கலக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம், அதன் கீழ் 1945இல் வந்த விதிகள். அதில் 127ஆம் விதி முழுக்க இந்தச் சமாச்சாரம்தான். பட்டியலில் உள்ள நிறம் தவிர வேறு எதையும் மருந்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அந்த நிறத்தின் வழக்கப் பெயரை லேபிளில் சொல்ல வேண்டும். நீங்கள் படித்த பொடி எழுத்து அந்த விதியால்தான் அங்கே இருக்கிறது.

பட்டியல் மூன்று வகையாகப் பிரிந்திருக்கும். இயற்கை நிறங்கள் என்ற தலைப்பில் அனாட்டோ, கரோட்டின், குளோரோஃபில், மஞ்சளிலிருந்து வரும் குர்குமின் இவற்றோடு இரும்பு ஆக்சைடுகளும் டைட்டானியமும் உட்கார்ந்திருக்கும். செயற்கை நிறங்கள் என்ற தலைப்பில் சர்க்கரையைக் கருக்கி எடுக்கும் கேரமல், ரிபோஃபிளேவின். இந்த ரிபோஃபிளேவின் நம் பி2 வைட்டமின்தான். பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அது. ஒரே பொருள் ஒரு மாத்திரையில் மருந்து, இன்னொன்றில் சாயம்.

மூன்றாவது வகைதான் பெரிது: தார்ச் சாயங்கள். டார்ட்ரசின், சன்செட் எல்லோ, எரித்ரோசின், கார்மோசின், பான்சோ 4ஆர், பிரில்லியன்ட் ப்ளூ, இண்டிகோ கார்மைன் என்று போகும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். டார்ட்ரசினுக்கு 19140. ஒரே சாயத்துக்கு ஊருக்கு ஊர் பத்துப் பெயர் வைத்திருப்பதால் இந்த எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பது.

தார் என்றதும் ரோடு போடுவது ஞாபகம் வந்து பயப்பட வேண்டாம். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த வேதிப்பொருள்களை வைத்து ஒரு காலத்தில் தயாரித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். 1856இல் லண்டனில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, மருந்துக்குப் பதிலாக ஊதாச் சாயம் கிடைத்து, அதிலேயே பணக்காரரானார். மருந்தும் சாயமும் அப்போதிருந்தே பங்காளிகள்.

பிப்ரவரி 11

ஒருவர் தன் மாத்திரை அட்டையில் ‘லேக் ஆஃப் சன்செட் எல்லோ’ என்று போட்டிருப்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாராம். ‘சூரிய அஸ்தமன மஞ்சள் ஏரி’ என்று வந்ததாம். கவிதை!

ஏரி இல்லை ஐயா, அரக்கு. லாக் என்றால் அரக்கு, அந்தச் சொல்தான் திரிந்து லேக் ஆனது. தண்ணீரில் கரையும் சாயத்தை அலுமினியம் ஹைட்ராக்சைடின் மேல் படியவைத்துக் கரையாத பொடியாக்கினால் அதற்கு லேக் என்று பெயர். கரையும் சாயம் சிரப்புக்கு, டானிக்குக்கு. கரையாத லேக் மாத்திரைப் பூச்சுக்கு. ஏன் என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன், அதில் ஒரு சோகக் கதை இருக்கிறது.

பிப்ரவரி 16

அமெரிக்காவில் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பிரிக்கும் முறைதான் பிடிக்கும். நம் பட்டியல் நிறம் எதிலிருந்து வந்தது என்று கேட்கிறது. அவர்கள் பட்டியல் அது உடம்பில் எங்கே போகப் போகிறது என்று கேட்கிறது.

எஃப்டி அண்ட் சி என்றால் உணவு, மருந்து, அழகுப்பொருள் மூன்றுக்கும் ஆகும். டி அண்ட் சி என்றால் மருந்து, அழகுப்பொருள் மட்டும், உணவில் கூடாது. எக்ஸ்டர்னல் டி அண்ட் சி என்றால் வெளிப்பூச்சுக்கு மட்டும், உதட்டுக்குக்கூட ஆகாது. இதற்கு மேலும் கறார்: கண்ணைச் சுற்றிப் போடுவது, ஊசியில் போவது, ஆபரேஷன் தையல் நூல் இவற்றுக்கு ஒரு சாயத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் அந்த உபயோகத்தைப் பெயர் சொல்லி அனுமதித்திருக்க வேண்டும். பொதுவாக அனுமதி இருக்கிறதே என்று கண்ணில் வைக்க முடியாது. என் மைத்துனனுக்கு வயிற்றில் போட்ட தையல் ஊதா நூல். ரத்தத்துக்கு நடுவே சர்ஜனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் அந்த நிறம். அந்த ஊதாவுக்கும் தனியாகப் பட்டியலில் இடம் உண்டு.

இன்னொரு விஷயம், தொழிலில் இருந்தவனாக எனக்கு ஆச்சரியம் தந்தது. தார்ச் சாயங்களை ஒவ்வொரு பேட்ச்சாக அவர்களுடைய உணவு மருந்து நிர்வாகத்துக்கு மாதிரி அனுப்பி, கட்டணம் கட்டி, அவர்கள் சோதித்து எண் கொடுத்த பிறகுதான் அதற்கு ‘எஃப்டி அண்ட் சி மஞ்சள் எண் 5’ என்ற பெயரே வரும். அதுவரை அது வெறும் டார்ட்ரசின். ஒரே டிரம்மில் இருக்கும் ஒரே பொடிதான். சான்று வந்த பிறகு பெயர் மாறுகிறது. ஈயம், ஆர்செனிக், பாதரசம், சாயம் செய்யும்போது தங்கிவிடும் மிச்சங்கள் எல்லாம் வரம்புக்குள் இருக்கிறதா என்பதுதான் சோதனை. சாயம் நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி, இந்த டிரம் சுத்தமா என்பது வேறு கேள்வி. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் சப்ளையர் தரும் சோதனைச் சான்றிதழை ஃபைலில் செருகுவோம், எங்கள் லேபில் ஒரு தடவை பார்ப்பார்கள், உள்ளே எடுத்துக்கொள்வோம்.

இயற்கை நிறங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்கு விலக்கு.

பிப்ரவரி 17

நேற்றுக் கடைசி வரி தப்பு. அழிக்காமல் விடுகிறேன், படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

விலக்கு என்பது பேட்ச் பேட்ச்சாகச் சான்று வாங்குவதிலிருந்து மட்டும். அனுமதி வாங்குவதிலிருந்து இல்லை. அந்த நிறங்களும் பட்டியலில் ஏறித்தான் ஆக வேண்டும், அளவுக் கட்டுப்பாடும் வரலாம். விழுங்கும் மருந்தில் இரும்பு ஆக்சைடு சேர்த்தால் அதன் வழியாக ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போகக் கூடாது என்று இருக்கிறது. அப்புறம், இயற்கை என்று நான் எழுதியதும் சரியில்லை. விலக்குப் பட்டியலில் இருக்கும் டைட்டானியமும் இரும்பு ஆக்சைடும் ஆலையில் செய்பவை. ‘விலக்கு என்றால் இயற்கை, இயற்கை என்றால் நல்லது’ என்று நினைத்து எழுதிவிட்டேன். இருபத்தெட்டு வருடம் தொழில் பார்த்தும் புத்தி அங்கேதான் போகிறது.

மார்ச் 2

சோகக் கதை.

நான் சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் பாதி சர்க்கரைப் பூச்சு, பாதி ஃபிலிம் பூச்சு, அதாவது மெல்லிய படலம். சர்க்கரைப் பூச்சு என்பது கிட்டத்தட்ட சமையல். செப்புக் குண்டான் மாதிரி ஒரு பான், சாய்வாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் ஈரம் உள்ளே போகாமல் இருக்க அரக்குப் பூச்சு, ஆமாம், அதே அரக்கு. பிறகு கோந்தும் டால்க்கும் போட்டு மூலைகளை உருண்டையாக்குவது. அதன் பிறகு பாகு. பிறகு நிறம் சேர்த்த பாகு, ஒரு கை ஊற்று, சுற்று, காற்று, மறுபடி ஒரு கை. முப்பது நாற்பது தடவை. கடைசியில் மெழுகு போட்டுப் பளபளப்பு. எங்கள் மேஸ்திரி நிறத்தைக் கண்ணாலேயே சொல்வார்: “இன்னும் நாலு கை.” எண்ணிப் பார்த்தால் சரியாக நாலு கைதான் ஆகியிருக்கும்.

ஐப்பசி மாதம், விடாத மழை. அவர் லீவு. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ஆரஞ்சு பேட்ச்சை ஏற்றினேன். லேக் வரத் தாமதமானதால் கரையும் சாயத்தை வைத்தே பாகு காய்ச்சினோம், அதற்கும் அனுமதி உண்டு. காற்றில் ஈரம். ஒரு கை காய்வதற்குள் அவசரப்பட்டு அடுத்த கையை ஊற்றிவிட்டேன். கரையும் சாயம் என்ன செய்யும் தெரியுமா? தண்ணீர் எங்கே காய்கிறதோ அங்கே கூடவே நகர்ந்து போய் உட்காரும். ஈரத் துணியில் கறை ஓரத்துக்கு ஓடுவது மாதிரி. காலையில் பானைத் திறந்தால் மாத்திரையெல்லாம் அம்மை போட்ட மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. ஒன்றேகால் லட்சம் மாத்திரை. மருந்து அளவு சரி, கரைவது சரி, எல்லாச் சோதனையும் பாஸ். ஆனாலும் வெளியே விட முடியவில்லை. திட்டு விழுந்த மாத்திரையைப் பார்த்தால் பூசணம் பிடித்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

லேக் கரையாத பொடி. போட்ட இடத்திலேயே நிற்கும், நகராது. பூச்சுக்கு அதை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்குப் பதில் இதுதான்.

மார்ச் 3

“அந்த ஒன்றேகால் லட்சம் என்ன ஆச்சு?” என்று மூன்று பேர். மேலே இன்னும் அடர்த்தியாக நிறம் ஏற்றி மறைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது உண்மை. தர ஆய்வுப் பிரிவு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அழித்தார்கள். எனக்கு அந்த வருடம் போனஸ் பாதி.

மார்ச் 15

டார்ட்ரசின் கெடுதலா என்று நேரடியாகக் கேட்டவருக்கு.

என் அக்காவுக்கு ஆஸ்துமா. ஆஸ்பிரின் ஆகாது, ஒரு தடவை தலைவலிக்குப் போட்டுவிட்டு மூச்சு இழுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சில வருடம் கழித்து முட்டி வலிக்கு ஒரு மஞ்சள் மாத்திரை. அரை மணி நேரத்தில் மறுபடி இழுப்பு. அட்டையைத் திருப்பினால் டார்ட்ரசின். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மஞ்சள் மாத்திரை என்றாலே விரோதி. கடையிலும் ஒரு நோட்டுப் போட்டு, எந்தெந்த மாத்திரையில் டார்ட்ரசின் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தேன்.

இதை வெறும் வீட்டுக் கதை என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் டார்ட்ரசின் சேர்த்த மருந்தின் லேபிளில் அதன் பெயரைச் சொல்லியே தீர வேண்டும். டாக்டர் சீட்டுக்குத் தரும் மருந்தென்றால், சிலருக்கு ஆஸ்துமா உட்பட ஒவ்வாமை வரலாம், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது என்கிற எச்சரிக்கையும் மருந்துக் குறிப்பில் இருக்க வேண்டும். 1979இல் கொண்டுவந்த விதி. நம் ஊரில் பெயர் மட்டும் உண்டு. எச்சரிக்கை கிடையாது.

பெயரும்கூட எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது? நாங்கள் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நாலு மாத்திரை கொடுப்போம். நிறத்தின் பெயர், காலாவதித் தேதி எல்லாம் மிச்ச அட்டையோடு எங்கள் டப்பாவிலேயே இருந்துவிடும். நானும் வெட்டியவன்தான். கேப்சூல் அட்டைகளில் இன்னொரு வேடிக்கை: ‘கேப்சூல் கூட்டில் அனுமதிக்கப்பட்ட நிறங்கள் உள்ளன’ என்று மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். எந்த நிறம்? அதைத்தானே ஐயா சொல்லச் சொல்லி விதி இருக்கிறது.

மார்ச் 16

அக்காவிடம் நேற்று எழுதியதைப் படித்துக் காட்டினேன். “அந்த மஞ்சள் மாத்திரை என்ன மாத்திரைடா?” என்று கேட்டாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக்.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த வகை வலி மாத்திரையே இழுப்பைக் கொண்டுவரும். எந்த நிறத்தில் இருந்தாலும். இத்தனை வருடமாகச் சாயத்தின் மேல் பழி போட்டுவிட்டு, உள்ளே இருந்த மருந்தை நான் யோசிக்கவே இல்லை. ஃபார்மசி படித்தவன்! கட்டுப்பாடான முறையில் டார்ட்ரசினை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்த சோதனைகளில், ஆஸ்பிரின் ஆகாதவர்களிலும் அதற்கு ஒவ்வாமை காட்டியவர்கள் மிகக் குறைவு. சிலருக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. என் அக்கா அந்தச் சிலரில் ஒருவரா என்பது இனிமேல் தெரியாது, திரும்பக் கொடுத்துப் பார்க்கப் போவதில்லை.

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு மஞ்சள் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டவரே, நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

ஏப்ரல் 6

சிவப்புக்கு வருவோம். சட்டம் எங்கெல்லாம் கோணலாக நிற்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் சிவப்பைப் பார்க்க வேண்டும்.

எரித்ரோசின், அமெரிக்கப் பெயர் சிவப்பு எண் 3. எடையில் பாதிக்கு மேல் அயோடின். ஆண் எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது தைராய்டில் கட்டி வந்தது. அதனால் 1990இல் அமெரிக்காவில் உதட்டுச்சாயம் போன்ற அழகுப்பொருள்களிலும் வெளிப்பூச்சு மருந்துகளிலும் கூடாது என்று நிறுத்தினார்கள். ஆனால் மிட்டாயிலும் விழுங்கும் மாத்திரையிலும் இருந்துகொண்டே இருந்தது. உதட்டில் தடவக் கூடாது, வயிற்றுக்குள் போகலாம்! முப்பத்தைந்து வருடம் கழித்து 2025 ஜனவரியில்தான் அதையும் எடுத்தார்கள். உணவுக் கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம், மருந்துக் கம்பெனிகளுக்கு 2028 ஜனவரி வரை. இதில் இன்னொரு கோணல். எலிக்குக் கட்டி வரும் வழி மனிதருக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. பின்னே ஏன் தடை? 1960இல் வந்த நிறச் சட்டத்திருத்தத்தில் டெலானி என்ற நியூயார்க் காங்கிரஸ்காரரின் பெயரால் வழங்கும் ஒரு ஷரத்து உண்டு. மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் தருவதாகத் தெரிந்த எந்த நிறத்தையும் அனுமதிக்கவே கூடாது. எவ்வளவு, எந்த வழி, யாருக்கு என்ற பேச்சே இல்லை.

அமராந்த் என்ற இன்னொரு சிவப்புச் சாயம் இன்னும் வேடிக்கை. அங்கே சிவப்பு எண் 2. 1976இல் உணவு, மருந்து எல்லாவற்றிலும் தடை. ஐரோப்பாவில் சில வகை மதுபானங்களுக்கும் மீன் சினைக்கும் மட்டும். இந்தியாவில் உணவுக்கான எட்டுச் செயற்கை நிறங்களில் அது கிடையாது. மருந்துக்கான 127ஆம் விதிப் பட்டியலில் உண்டு. ஐஸ்கிரீமில் போட்டால் குற்றம், இருமல் சிரப்பில் போட்டால் சரி. மருந்தை டாக்டர் சொல்லி அளவாக நாலு நாள் சாப்பிடுகிறோம், உணவை வயது முழுக்கச் சாப்பிடுகிறோம் என்று வாதாடலாம். உங்கள் அம்மா பிரஷர் மாத்திரையை எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார்? அந்த வாதம் அங்கே நின்றுவிடுகிறது.

ஏப்ரல் 8

‘அப்போ பஞ்சு மிட்டாய்?’ என்று கேட்டவருக்கு. அது வேறு கதை, ஆனால் சொந்தக்காரக் கதை.

2024 பிப்ரவரியில் புதுச்சேரி முதலிலும் தமிழ்நாடு அடுத்தும் தடை போட்டது ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாய்க்கு. துணிச் சாயம், உணவில் எந்தக் காலத்திலும் அனுமதி இல்லை. ஆனால் அந்த ரோடமின் பி அமெரிக்காவில் ‘டி அண்ட் சி சிவப்பு எண் 19’ என்ற பெயரில் மரியாதையாக இருந்தது. வெளிப்பூச்சுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், இதனால் புற்றுநோய் வர வாய்ப்பு 90 லட்சத்தில் ஒருவருக்குத்தான் என்று நிர்வாகம் வாதாடியது. கூடவே வந்த ஆரஞ்சு எண் 17க்கு 1,900 கோடியில் ஒருவர், அதாவது உலக ஜனத்தொகையே போதாது. 1987இல் அங்குள்ள நீதிமன்றம், டெலானி ஷரத்தில் ‘கொஞ்சம்’ என்ற சொல்லே இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த வருடம் இரண்டும் போயின.

டெலானி ஷரத்து முட்டாள்தனம் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. நிறம் இல்லாவிட்டால் யாருக்கும் நோய் கூடப் போவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றுக்கு எவ்வளவு ஆபத்து பரவாயில்லை என்று யார் கணக்குப் போடுவது?

ஜூன் 22

முந்தைய பதிவின் கடைசியில் ‘நிறம் இல்லாவிட்டால் யாருக்கும் நோய் கூடப் போவதில்லை’ என்று எழுதியது இரண்டு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. கிணற்றடியில் விழுந்த பாட்டியின் கதையை எழுதியவனே இதையும் எழுதியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்கு நீலம், சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு. இளஞ்சிவப்பில் 45 மில்லிகிராம் இரும்பு, மற்ற இரண்டிலும் 60. சுகாதார நிலையத்து அறையில் மூன்று டப்பா திறந்து கிடக்கும்போது எதை யாருக்குக் கொடுப்பது என்பதை நர்சம்மாவுக்கு நிறம்தான் சொல்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் இன்னும் தெளிவு. ஒரு மில்லிகிராம் கூடினால் ரத்தக்கசிவு வரலாம், குறைந்தால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 1 மில்லிகிராம் பழுப்பு, 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. அமெரிக்காவிலும் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம், ஆனால் 10 மில்லிகிராம் மட்டும் வெள்ளை, சாயமே கிடையாது. சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதை உடைத்துக் கொடுக்கலாம். ஆக, அட்லாண்டிக் தாண்டிப் போகும் தாத்தா ‘நீல மாத்திரை’ என்று கேட்டால் அங்கே 4 மில்லிகிராம் கிடைக்கும். நிறத்துக்குச் சட்டம் உண்டு, எந்த நிறம் எந்த மருந்துக்கு என்பதற்கு உலகில் பொதுவாக ஒரு சட்டமும் இல்லை. என் ஆற்றாமை எல்லாம் இதில்தான்.

ஜூன் 23

ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார், பெரிய பிள்ளை என்றால் எத்தனை வயது என்று. நீலம் 10 முதல் 19 வரை, இளஞ்சிவப்பு 5 முதல் 9 வரை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வாந்தி எடுத்தால் நீலத்தின் மேல் பழி போடாதீர்கள், அது இரும்பின் குணம்.

அக்டோபர் 12

இருமல் மருந்து குடித்துப் பிள்ளைகள் இறந்த செய்தி வந்ததிலிருந்து, ‘நீங்கள் ஆறு மாதமாகச் சாயம் சாயம் என்று எழுதினீர்கள், பிள்ளைகளைக் கொன்றது சாயமா?’ என்று கேட்கிறார்கள். இல்லை. டைஎத்திலீன் கிளைக்கால். நிறமும் மணமும் இல்லாத, லேசாக இனிக்கும் ஒரு விஷத் திரவம்.

ஆனால் அந்தப் பெயர் இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1930களில் ஜெர்மனியில் ஒரு சிவப்புச் சாயத்தை எலிக்குக் கொடுத்துப் பார்த்து முதல் சல்ஃபா மருந்தைக் கண்டுபிடித்தார்கள், ப்ரான்டோசில். சாயத்துக்குள் இருந்த சல்ஃபனிலமைடுதான் வேலை செய்தது என்று பிறகு தெரிந்தது. அதைச் சிரப்பாக்க ஆசைப்பட்டு 1937இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெரி வாசனை சேர்த்து விற்றது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அன்றைய சட்டத்தில் குற்றம் சாட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. ‘எலிக்சர்’ என்று பெயர் போட்டிருந்தார்கள், அந்தப் பெயருக்கு ஆல்கஹால் இருக்க வேண்டும், இல்லை, அதனால் பொய் லேபிள் என்றுதான் வழக்கு. அந்தக் கோபத்தில் வந்தது 1938ஆம் ஆண்டுச் சட்டம். நான் பிப்ரவரியில் எழுதிய எஃப்டி அண்ட் சி என்ற பெயர்களும், பேட்ச் பேட்ச்சாகச் சான்று வாங்குவது கட்டாயமானதும் அதே சட்டத்தால்தான்.

எண்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. நான் இன்றைக்கு வேறெதுவும் எழுதவில்லை.

நவம்பர் 30

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். இந்த மாதம் மறுபடி பழைய இளஞ்சிவப்பு மாத்திரையே கிடைத்துவிட்டதாம். அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், “இதுதான்டி கேக்குது” என்கிறாராம். மிச்ச மஞ்சளை எடுத்து வைத்துவிட்டீர்கள்தானே?

பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டார்ட்ரசின் இல்லை. ‘கலர்: ரெட் ஆக்சைடு ஆஃப் அயர்ன், டைட்டானியம் டை ஆக்சைடு’. வேர்க்குருவுக்குத் தடவும் காலமைன் லோஷனை ரோசாக்குவதும் அந்த முதல் பொருள்தான், சுருக்கமாகச் சொன்னால் துரு. இரண்டாவது சுவர்ப் பெயின்டின் வெள்ளை. அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.